ஃபேக்டோஎக்ஸ்ட்ரா: அம்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் முதன்மைக் கூறு பகுப்பாய்வை, அதாவது பல மாறிகளைச் சில கூறுகளாகச் சுருக்கும் பிசிஏவை, ஒரே வரியில் முடித்துவிடலாம். அதைப் படமாக்குவதுதான் பாடு. ஆரோடு கூடவே வரும் 'பைபிளாட்' (தரவின் வரிசைகளையும், அம்புகளாக மாறிகளையும் ஒரே படத்தில் காட்டுவது) புள்ளிக்குப் பதிலாக வரிசைப் பெயரையே அச்சிடும். 200 வரிசை இருந்தால் மிஞ்சுவது எழுத்துக் குவியல். போதாததற்கு, புள்ளிகளுக்குக் கீழேயும் இடப்புறமும் ஓர் அளவுகோல், அம்புகளுக்கு மேலேயும் வலப்புறமும் வேறோர் அளவுகோல். இந்த எரிச்சல் தாங்காமல்தான் பலர் ஃபேக்டோஎக்ஸ்ட்ரா பக்கம் வருகிறார்கள்.

கஸம்பரா, முண்ட் இருவரும் எழுதிய தொகுப்பு இது. படம் வரைவது ஜிஜிபிளாட்2 என்ற வரைபடத் தொகுப்பு என்பதால் தலைப்பு, நிறம், எழுத்தளவு எல்லாவற்றையும் கூட்டல் குறி போட்டு மாற்றிக்கொள்ளலாம். கணக்கு இதன் வேலையல்ல. ஆரின் பிஆர்காம்ப், பிரின்காம்ப், ஃபேக்டோமைன்ஆர் தொகுப்பின் பிசிஏ என எந்தச் செயற்கூற்றின் விடையைக் கொடுத்தாலும் வாங்கி வரைந்து தரும். வசதியும் வம்பும் தொடங்குவது இங்கேதான்.

பிஆர்காம்ப் சொல்லாமல் விட்டால் மாறிகளைத் திட்ட அலகுக்கு (எல்லா மாறிக்கும் மாறுபாடு 1) மாற்றாது. ஃபேக்டோமைன்ஆர் சொல்லாமலே மாற்றிவிடும். ஆரில் உள்ள யுஎஸ்அரெஸ்ட்ஸ் என்ற அமெரிக்கக் குற்றக் கைதுத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள்: 50 மாநிலங்கள், 4 மாறிகள். அசால்ட் மாறியின் மாறுபாடு ஏறத்தாழ 6945, மர்டருக்கு வெறும் 19. அப்படியே பிஆர்காம்ப்பில் போட்டால் முதல் கூறே 96.6% மாறுபாட்டை அள்ளிக்கொள்ளும். அந்தக் கூறு அசால்ட் மாறியின் மறுபெயர், அவ்வளவுதான். 'ஸ்கேல்.' என்பதை ட்ரூ ஆக்கினால் (கடைசிப் புள்ளியும் பெயரில் சேர்த்திதான்) முதல் கூறு 62%, இரண்டாவது 24.7% என்று இறங்கும். ஃபேக்டோஎக்ஸ்ட்ரா இரண்டையும் ஒரே அழகோடு வரைந்து கொடுக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. ஒரே ஒரு தடயம் உண்டு: திட்ட அலகுக்கு மாற்றாத விடையென்றால் மாறிகளின் படத்தில் அம்புகளைச் சுற்றி வரும் 1 அலகு ஆர வட்டம் இருக்காது. ஆனால் தரவை முன்கூட்டியே 'ஸ்கேல்' செயற்கூற்றால் மாற்றிவிட்டு பிஆர்காம்ப்புக்குக் கொடுத்தாலும் வட்டம் காணாமல் போகும். பிஆர்காம்ப்பே மாற்றியிருந்தால்தான் ஃபேக்டோஎக்ஸ்ட்ராவுக்குத் தெரியும்.

ஐகன் மதிப்புகளுக்கான (ஒவ்வொரு கூறும் அள்ளும் மாறுபாடு) 'எஃப்விஸ்_ஈக்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் 10 கூறுகளை விழுக்காட்டில் காட்டும். பட்டை மேல் எண் வேண்டுமென்றால் 'ஆட்லேபிள்ஸ்' ட்ரூ.

தொகுப்பின் உண்மையான பலம் 'எஃப்விஸ்_பிசிஏ_வார்'. திட்ட அலகுத் தரவில் ஒவ்வொரு அம்பின் முனையும் அந்த மாறிக்கும் இரு கூறுகளுக்கும் உள்ள ஒட்டுறவை (-1 முதல் 1 வரையிலான உறவளவு) காட்டும். முனை வட்டத்தைத் தொட்டால் மாறி இந்தத் தளத்தில் முழுதாகத் தெரிகிறது என்று பொருள். மையத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்ட அம்புகளுக்கு இடையிலான கோணத்தைப் படிக்கவே கூடாது. அவற்றின் செய்தி மூன்றாவது, நான்காவது கூறுகளில் கிடக்கிறது. நிறத்துக்கு 'காஸ்2', 'கான்ட்ரிப்' என இரண்டு வாய்ப்பு. பலர் இரண்டும் ஒன்றென்று நினைக்கிறார்கள். காஸ்2 அம்பின் நீளத்தின் வர்க்கம், அதாவது மாறி எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பது. கான்ட்ரிப் என்பது கூறுகளை உருவாக்கியதில் அந்த மாறியின் பங்கு. படத்தைப் படிப்பவருக்குப் பயன்படுவது முதலாவது. பங்களிப்புக்கான பட்டைப் படத்தில் வரும் சிவப்புப் புள்ளிக்கோடு ஒரு கூறைப் பார்க்கும்போது 100ஐ மாறிகளின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி மட்டுமே. 4 மாறிக்கு 25%. அதைப் புள்ளியியல் சோதனை போல் எடுத்துக்கொண்டு மாறிகளைக் கழித்துக்கட்டுவது தவறு.

80 மாறி இருந்தால் 'செலக்ட்.வார்' மூலம் பங்களிப்பில் முதல் 10ஐ மட்டும் காட்டலாம். காட்டியது 10தான் என்பதைப் படக்குறிப்பில் எழுதிவிடுங்கள், படம் தானாகச் சொல்லாது.

புள்ளிகளுக்கான 'எஃப்விஸ்_பிசிஏ_இண்ட்' நன்றாகவே இருக்கிறது, ஆனால் குழிகள் அதிகம். குழுக்கள் 1, 2, 3 என்று எண்ணாக இருந்தால் 'கால்.இண்ட்' அவற்றைத் தொடர்மதிப்பாக எடுத்துக்கொண்டு நிறச்சாய்வு போட்டுவிடும். முதலில் ஃபேக்டராக, அதாவது ஆரின் வகைப் பெயர் மாறியாக, மாற்ற வேண்டும். குழுவுக்கு நிறத்தோடு வடிவமும் மாறுவதால், 6 குழுவைத் தாண்டினால் மிச்சக் குழுக்களின் புள்ளிகள் படத்திலிருந்தே மறைந்துபோகும். 'பாயின்ட்ஷேப்' 19 என்று கொடுத்தால் திரும்பி வரும். ஒவ்வொரு குழுவிலும் கொஞ்சம் பெரிதாக ஒரு புள்ளி தெரிந்தால் அது தரவு அல்ல, குழுவின் சராசரி. குழப்பமாக இருந்தால் 'மீன்.பாயின்ட்' ஃபால்ஸ். நீள்வட்டம் இயல்பாக வருவது 95% அளவில் புள்ளிகளின் பரவலைக் காட்டும் வகை. சராசரி எங்கே இருக்கலாம் என்று காட்ட வேண்டுமானால் வகையை 'கான்ஃபிடென்ஸ்' என்று மாற்ற வேண்டும். பின்னது மிகச் சிறியதாக வரும், குழுக்கள் பிரிந்து நிற்பது போலவும் தெரியும். எந்த வகை என்று சொல்லாமல் அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம். பரவல் வகைக்கு ஒரு குழுவில் 4 புள்ளியாவது வேண்டும். குறைந்தால் நீள்வட்டமே வராது.

இனி பைபிளாட். 'எஃப்விஸ்_பிசிஏ_பைபிளாட்' அம்புகளைப் புள்ளிகளின் பரப்புக்குள் அடங்கும்படி இழுத்து, பிறகு 0.7ஆல் பெருக்கி வைக்கிறது. ஆகவே அம்பின் முனையை அச்சின் எண்களோடு ஒப்பிட்டு 'இந்த மாறியின் ஒட்டுறவு 2.3' என்று படிக்க முடியாது. ஒட்டுறவு 1ஐத் தாண்டாது என்பது நினைவிருந்தால் அந்தத் தவறு நேராது. திசையையும் அம்புகளின் ஒப்பு நீளத்தையும் நம்பலாம். எண் வேண்டுமானால் மாறிகளின் படத்துக்கே போக வேண்டும். இந்த வகையில் ஜிஜிஃபார்டிஃபை என்ற இன்னொரு தொகுப்பின் 'ஆட்டோபிளாட்' இன்னும் ஒரு படி மோசம்: அது இயல்பில் புள்ளிகளையே சுருக்கிவிடுகிறது, 'ஸ்கேல்' 0 கொடுத்தால்தான் பிஆர்காம்ப்பின் மதிப்புகள் அப்படியே வரும்.

பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்க 'ரிபெல்' ட்ரூ. நெருக்கம் அதிகமானால் சில பெயர்களை அது விட்டுவிட்டு எச்சரிக்கை மட்டும் தரும். 'ஜிஜிரிபெல்.மேக்ஸ்.ஓவர்லாப்ஸ்' விருப்பத்தை இன்ஃப் ஆக்கினால் எல்லாம் வரும், ஆனால் கசகசவென்று வரும்.

சேமிக்கும் முன், இரு அச்சிலும் ஓர் அலகை ஒரே நீளமாக்கும் 'கோஆர்ட்_ஃபிக்ஸ்ட்' சேருங்கள். மாறிகளின் படத்தில் வட்டத்தோடு அது தானே வந்துவிடுகிறது, புள்ளிகளின் படத்தில் வருவதில்லை. ஐரிஸ் தரவைத் திட்ட அலகில் போட்டால் முதல் கூறு 73%, இரண்டாவது 23%. சதுரச் சட்டத்தில் இரண்டையும் இழுத்து நிரப்பினால் இரண்டாவது கூறின் வேறுபாடு ஊதிப் பெருத்துத் தெரியும்.

வேறொரு கணினியில் ஓட்டும்போது படம் இடவலமாகவோ தலைகீழாகவோ புரண்டு வந்தால் பதற வேண்டாம். கூறின் குறிக்கு நிலையான திசை கிடையாது. இரண்டு படங்களை அருகருகே வைக்கப்போகிறீர்கள் என்றால் பிஆர்காம்ப் விடையில் அந்தக் கூறின் மதிப்பு நிரலையும் (புள்ளிகள்) சுழற்சி அணியின் நிரலையும் (அம்புகள்) சேர்த்தே -1ஆல் பெருக்குங்கள். ஒன்றை மட்டும் பெருக்கினால் அம்புகள் எதிர்த்திசையைக் காட்டும்.