.470 டபுள் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் லைசென்ஸோடு வேட்டைக்குப் போகும் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் யாராவது முதன்முறையாக எருமை வேட்டைக்குப் பெரிய ரைபிள் தேடிக்கொண்டிருந்தால், இது உங்களுக்காக. (ஊரில் இருப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. நான் சொல்வது முழுக்க இந்த நாட்டு நடைமுறை.) ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு கடையில் பழைய .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் டபுள் ரைபிள் ஒன்றைப் பெரிய தொகை கொடுத்து வாங்கினேன். (.470 என்பது தோட்டா வகை, டபுள் என்பது பக்கத்தில் பக்கமாக இரண்டு குழல் உள்ள ரைபிள்.) இரண்டு குழலும் 50 மீட்டரில் ஒரே இடத்தில் சுடும் என்று பில்லிலேயே எழுதித் தந்தார்கள். அது அப்படிச் சுடவில்லை. பணத்தையும் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள்.

நான் கேட்டுப் போனது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் உள்ள போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் ஒற்றைக்குழல் ரைபிள் அது. .375 என்பது 1912-இல் வந்த தோட்டா, இன்றைக்கும் இந்தக் கண்டம் முழுக்கக் கிடைக்கும். விற்பனையாளர் அதை எடுத்துக் காட்டக்கூட இல்லை. "எருமை பாய்ந்து வரும்போது போல்ட்டை இழுத்துத் தள்ள நேரம் இருக்காது, தோட்டா சிக்கிக்கொண்டால் உயிர் போய்விடும், அனுபவசாலிகள் எல்லாரும் டபுள்தான் வைத்திருக்கிறார்கள்" என்று ஆரம்பித்து, .470-க்கு ஒரு பெரிய சரித்திரமே சொன்னார். அந்தச் சரித்திரத்தில் ஒரு முக்கியப் பகுதியை விட்டுவிட்டார். மார்ட்டினி ஹென்ரி துப்பாக்கி வைத்திருந்த கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 தோட்டாவைத் தடை செய்தது. அதற்கு மாற்றாக லண்டன் துப்பாக்கிக்காரர்கள் உண்டாக்கியவைதான் .465, .470, .475 எல்லாம். .470 நல்ல தோட்டாதான். ஆனால் எருமைக்கென்றே யோசித்துச் செய்த அதிசயம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

டபுளுக்கு உண்மையான பலம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். இரண்டு குழல், இரண்டு ட்ரிகர், இரண்டு தனித்தனி சுடும் அமைப்பு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று சுடும். முதல் குண்டு போன மறுநொடியே இரண்டாவது தயார், போல்ட்டை இழுக்கக் கையை நகர்த்த வேண்டாம், போல்ட் இழுக்கும் சத்தமும் இல்லை. போல்ட்டுக்கு வேண்டிய நீளமான, குழலுக்குப் பின்னால் இருக்கும் இயந்திரப் பகுதியான ஆக்‌ஷன் இல்லாததால் ஆயுதமும் குட்டையாக இருக்கும், புதருக்குள் திருப்ப வசதி. காயம்பட்ட எருமை ஓடிப்போய்ப் புதருக்குள் நின்று, தடம் பார்த்து வருபவர்களுக்காகக் காத்திருக்கும். அதன் பின்னால் புதருக்குள் நுழைவது தொழில்முறை வேட்டை வழிகாட்டியின் வேலை. பத்து இருபது மீட்டரில் முடிகிற அந்த வேலைக்கு டபுள் பொருத்தமானது. நம்மைப் போன்றவர்கள் நின்று நிதானித்து முதல் குண்டைச் சரியான இடத்தில் போட வேண்டியவர்கள். அதற்கு ஸ்கோப் பொருத்திய போல்ட் ரைபிள் போதும். மூன்றாவது குண்டு தேவைப்பட்டால் டபுளை மடக்கித் திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். போல்ட்டில் அது மேகசினிலேயே (தோட்டா அடுக்கும் பெட்டி) இருக்கும்.

தோட்டா சிக்கும் என்ற பயமுறுத்தலுக்கும் பதில் இருக்கிறது. பால் மவுசரின் 1898 வடிவமைப்பில், மேகசினிலிருந்து எழும்பும்போதே தோட்டாவின் விளிம்பை ஒரு பெரிய கொக்கி பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் பாதி தள்ளி இழுத்தாலும் தோட்டா அந்தக் கொக்கியின் பிடியிலேயே இருக்கும், இரண்டு தோட்டா மோதிக்கொள்ளாது. அந்த வகைப் போல்ட்டை நன்றாகப் பழகினால் போதும். ஜிம்பாப்வேயில் யானை, எருமைக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 9.2 மில்லிமீட்டர் குண்டும் 5,300 ஜூல் ஆற்றலும்தான். .375 அதைத் தாண்டிவிடும். டபுள்தான் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை.

இப்போது நான் ஏமாற்றப்பட்ட இடத்துக்கு வருகிறேன். டபுளின் மதிப்பு முழுவதும் 'ரெகுலேஷன்' என்ற வேலையில் இருக்கிறது. இரண்டு குழலும் இணையாக இருப்பதுபோல் தெரியும், உண்மையில் நுனியில் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கும். சுடும்போது வலது குழல் மேலேயும் வலப்பக்கமும் உதைக்கும், இடது குழல் மேலேயும் இடப்பக்கமும் உதைக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில் உதைப்பும் சாய்வும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். அதற்காகக் கைவினைஞர் சுட்டுப் பார்த்து, குழல் நுனிகளுக்கு நடுவே உள்ள ஆப்பை நகர்த்தி, மறுபடி சால்டர் (ஈயப் பற்று) வைத்து, மறுபடி சுட்டுப் பார்ப்பார். இவ்வளவும் ஒரே ஒரு தோட்டாவுக்குத்தான்: .470 என்றால் பொதுவாக 500 கிரெய்ன், அதாவது சுமார் 32 கிராம் குண்டு, வினாடிக்கு 2,150 அடி வேகம். வேகம் கூடிய தோட்டா போட்டால் இரண்டு குழலின் குண்டுகளும் குறுக்கே தாண்டிப் போகும். வேகம் குறைந்தால் விலகிப் போகும். சால்டர் ஒருமுறை கெட்டுப்போனால் எந்தத் தோட்டாவும் அதைச் சரிசெய்யாது.

இதை ஓரளவு தெரிந்துகொண்டுதான் கேட்டேன். கடைக்காரர் ஒரு இலக்குத் தாளைக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் நான்கு ஓட்டைகள், கம்பெனித் தோட்டாவில் சுட்டது என்றார். ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) நான் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றதற்கு, லைசென்ஸ் வராமல் நீங்கள் தொடவே முடியாது என்று சொல்லிவிட்டார். அது பொய். லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்பது சரி. ஆனால் லைசென்ஸ் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் ரேஞ்சில் சுட்டுப் பார்க்க வழி இருக்கிறது. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் போலீஸ் அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் முழுக்க ரைபிள் அவருடைய லாக்கரிலேயே இருந்தது.

கைக்கு வந்ததும் அதே 500 கிரெய்ன் கம்பெனித் தோட்டாவோடு ரேஞ்சுக்குப் போனேன். வலது குழல் ஒழுங்கு. இடது குழலின் குண்டு முழங்கை நீளம் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. என்னோடு வந்தவர் சுட்டும் அதேதான். பிறகு துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு அனுபவமுள்ள கன்ஸ்மித்திடம் காட்டினேன். முன்கட்டையைக் கழற்றி, மடக்கித் திறக்கும் குழலை மறுபடி பொருத்தி மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். குழலின் பின்முகத்துக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தது. ஆக்‌ஷன் தளர்ந்துவிட்டது என்று பொருள். நுனிப்பக்கம் குழல்களை இணைக்கும் ரிப்பில் சால்டர் புதிது, அதை மறைக்கக் கறுப்புப் பூச்சு ஏற்றியிருந்தார்கள். இனி பிரித்து மறுபடி ரெகுலேட் செய்ய அவர் சொன்ன செலவு, ஒரு நல்ல புதிய போல்ட் ரைபிளின் விலை. இந்த நிலையில் ஒருவர் இதை நம்பி எருமைக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பணம் பிறகுதான்.

கடையில் சொன்ன பதில் ஒரே சொல்: 'ஃபுட்ஸ்டூட்ஸ்'. இருக்கிற நிலையிலேயே விற்றோம், பொறுப்பில்லை என்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். கூடவே, பணம் கட்டி ஆறு மாதம் தாண்டிவிட்டது என்றார். இரண்டும் நிற்காது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் ஆறு மாதம், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. குறிப்பிட்ட குறையை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி நாம் ஒப்புக்கொண்டிருந்தால்தான் கடைக்காரர் தப்பலாம். தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது, அதனால் பில் யார் பேரில் வருகிறது என்று பாருங்கள். நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் பில், இலக்குத் தாள், கன்ஸ்மித் அறிக்கை மூன்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

டபுள்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்கள், நீங்கள் வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவில், நின்றபடி, வலது இடது மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்காமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். ஒரு ட்ரிகரை இழுத்தால் இரண்டு குழலும் சேர்ந்து வெடிக்கிறதா என்றும் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் ரைபிள் என்றால், லண்டன் அல்லது பர்மிங்காம் புரூஃப் முத்திரையை (குழலைச் சுட்டுச் சோதித்து இடும் முத்திரை) பார்த்து, சீரியல் எண்ணைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பழைய பதிவேடுகளை இன்றும் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. கடைக்குச் சம்பந்தமில்லாத கன்ஸ்மித்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் சிபாரிசு செய்பவர் வேண்டாம்.

யாருக்காவது சுட்ட தேதியும் தோட்டாவின் பெயரும் இல்லாத இலக்குத் தாளோடு .470 ஒன்றைக் காட்டியிருந்தால், பணம் கட்டும் முன் எனக்குத் தனியாக எழுதுங்கள். ரிப்பின் புகைப்படங்களும் கன்ஸ்மித் அறிக்கையும் அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.