முதலாளி வாயைத் திறந்தால் லீக் என்ன செய்யும்? சந்தாதாரரின் மதிப்பெண்: 5-க்கு 2.5

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் ஆட்டங்களைச் சந்தா கட்டிப் பார்க்கிற ஆள் நான். படம் தெளிவாக வருகிறதா, வர்ணனை எப்படி என்றெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். சந்தாவோடு ஒட்டிக்கொண்டு வருகிற இன்னொரு சேவைக்குத்தான் யாரும் மதிப்பெண் போடுவதில்லை. அணி முதலாளியோ ஆட்டக்காரரோ வாய்க்கு வந்தபடி பேசிவிட்டால் லீக் எப்படிக் கண்டிக்கிறது என்பதைச் சொல்கிறேன். அதற்குத்தான் இந்த விமர்சனம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனது வைத்தால் வேகம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங், கறுப்பினத்தவரைத் தன் அணியின் ஆட்டங்களுக்கு அழைத்து வராதே என்று தோழியிடம் சொல்கிற ஒலிப்பதிவு வெளியே வந்தது. பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத லீக் தலைவர் (கமிஷனர்) ஆடம் சில்வர், நாலே நாளில் ஆயுள் தடை போட்டார். கூடவே 25 லட்சம் டாலர் அபராதம். அன்றைய விதியில் அதுதான் உச்சம்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. ஓக்லாண்டில் வாரியர்ஸுடன் பிளே-ஆஃப் ஆட்டம். கிளிப்பர்ஸ் ஆட்டக்காரர்கள் ஆடுகளத்தின் நடுவில் மேல்சட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த சிவப்புப் பயிற்சிச் சட்டைகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அணியின் பெயர் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான். அன்றைக்கு 118-97 என்று தோற்றார்கள். என்னிடமும் அந்த அணியின் டி-ஷர்ட் ஒன்று இருந்தது. அதையும் அப்படியே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். சலவைக் குறிப்புத் துணி வெளியே தொங்கியது, நூல் பிசிறு ஆடியது. ஆனால் எழுத்து மட்டும் இடவலம் மாறி மங்கலாகத் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

சரி, குறைக்கு வருவோம். இதே ஸ்டெர்லிங் மீது, வாடகைக்கு வீடு விடுவதில் கறுப்பினத்தவரையும் ஹிஸ்பானியர்களையும் ஒதுக்கினார் என்று அமெரிக்க நீதித் துறை வழக்குப் போட்டிருந்தது. 2009-ல் 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை முடித்துக்கொண்டார். அப்போது லீக் அசையவே இல்லை. வீடு கிடைக்காமல் நின்றவர்களிடம் ஒலிப்பதிவு இல்லையே, பாவம்.

அப்புறம் கணக்கு. 1981-ல் 1.25 கோடி டாலருக்கு வாங்கிய அணி அது. தடைக்குப் பிறகு, குடும்ப அறக்கட்டளையின் பேரில் மனைவி அதை மைக்ரோசாஃப்ட்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் பால்மருக்கு 200 கோடி டாலருக்கு விற்றார். இதைத் தண்டனை என்று பில்லில் எழுதினால் எந்த வாடிக்கையாளர் ஒத்துக்கொள்வார்?

பீனிக்ஸ் சன்ஸ் முதலாளி ராபர்ட் சார்வர் விஷயத்தில் வேகமும் போய்விட்டது. 2021 நவம்பரில் செய்தி வந்தது, விசாரணை முடிய 2022 செப்டம்பர் ஆயிற்று. ஊழியர்களிடம் இனவெறுப்புச் சொல்லைச் சொன்னது, பெண் ஊழியர்களைக் கேவலமாகப் பேசியது எல்லாம் அறிக்கையில் இருந்தும், கிடைத்தது ஓர் ஆண்டுத் தடையும் 1 கோடி டாலர் அபராதமும். நட்சத்திர ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸ் வெளிப்படையாகவே போதாது என்றார். சன்ஸ் சட்டையில் விளம்பரமாகத் தன் பெயரைப் போட்டிருந்த பேபால் நிறுவனம், இவர் இருந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. அடுத்த சில நாட்களில் அணியை விற்பதாக சார்வர் அறிவித்தார். 400 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. அதாவது அபராதத்தால் நடக்காதது சட்டை விளம்பரத்தால் நடந்தது.

ஆட்டக்காரர்களுக்கு வேறு கவுண்டர். 2011-ல் கோபி பிரையன்ட் நடுவரைப் பார்த்து, ஒருபாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொல்லைச் சொன்னதற்கு 1 லட்சம் டாலர். அந்த சீசனில் அவர் சம்பளம் 2 கோடிக்கு மேல். ஆனால் மனிதர் மாறினார். இரண்டு ஆண்டு கழித்து ட்விட்டரில் ஒரு ரசிகர் அதே மாதிரி பேச, அப்படிப் பேசாதே என்று அவரே திருத்தினார். நான் செய்ததும் தப்புதான் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். இந்தச் சேவையில் நான் பார்த்த நல்ல விளைவு இது ஒன்றுதான். அதற்கும் அபராதம்தான் காரணமா என்று சொல்லத் தெரியவில்லை.

பேஸ்பால் பக்கம் போகவே வேண்டாம். நியூயார்க் ரயிலில் வருகிறவர்களையும் வெளிநாட்டவரையும் கண்டபடி பேட்டியில் பேசிய ஆட்டக்காரர் ஜான் ராக்கருக்கு 2000-ல் 20,000 டாலர் அபராதம் போட்டார்கள். மேல்முறையீட்டில் அது 500 ஆனது! கேட்டதும் இவ்வளவு தள்ளுபடி வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அடுத்த முறைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். வெளியேற்றப்படுகிற முதலாளியின் விற்பனை லாபத்தில் ஒரு பங்கு, அவர் யாரை இழிவாகப் பேசினாரோ அந்த மக்களுக்குப் போகும்படி விதியில் ஒரு வரி சேருங்கள். சேர்த்தால் இன்னும் ஒரு மதிப்பெண் தருகிறேன். சந்தாவை இந்த ஆண்டும் புதுப்பித்துவிட்டேன். டி-ஷர்ட் கிழிந்து மேஜை துடைக்கப் போய்விட்டது.