1947 பந்தயக் கார் என்று நம்பி 31,000 டாலர் கொடுத்தேன்

அமெரிக்காவில் பழைய ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய கார்) தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் தெற்கு கலிஃபோர்னியாவில் ஒருவரிடம் ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத இரண்டு சீட் கார், ஒன்று வாங்கினேன். 1928 ஃபோர்டு மாடல் ஏ பாடி, கீழே 1932 ஃபோர்டு சேஸ், ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின் (அந்தக் காலத்து ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சின்). யாரோ ஒரு பையன் வீட்டுக் கொட்டகையில் கட்டியது, 1947-இல் எல் மிராஜ் வறண்ட ஏரியில் ஓடியது, அதற்கப்புறம் ஒரே குடும்பத்தில் கிடந்தது என்றார் விற்றவர். சாட்சியாக டேஷ்போர்டில் திருகியிருந்த சின்னத் தகடு ஒன்றைக் காட்டினார். அதில் எஸ்.சி.டி.ஏ. என்ற எழுத்துகள், மணிக்கு 118 மைல் வேகம், 1947 ஜூன் 11 என்ற தேதி.

அந்தத் தகடுதான் என்னைக் கவிழ்த்தது. எஸ்.சி.டி.ஏ. என்பது 1937-இல் தொடங்கிய தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கம். அன்றைய இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டையும் முன் கண்ணாடியையும் கழற்றிவிட்டு ஏரிப் படுகையில் ஓட்டுவார்கள். சங்கம் நேரம் எடுக்கும். வீட்டில் கட்டிய கார் என்பதால் இந்த வடிவத்துக்குக் கம்பெனிப் பதிவேடு எதுவும் கிடையாது. அதனால்தான் அப்படியொரு தகடு இருந்தால் காரின் விலையே வேறு.

நான் ஒன்றுமே பார்க்காமல் வாங்கவில்லை. காந்தம் கொண்டுபோய் பாடி முழுக்க வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒட்டியது. ஃபைபர் இல்லை, நிஜ இரும்பு என்று நிம்மதியானேன். மாடல் ஏ பாடியை இன்றைக்கும் புது எஃகுத் தகட்டில் அடித்து விற்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எஞ்சினையும் பார்த்தேன். எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டின் நடுவில் தண்ணீர்க் குழாய் வந்தால் 1948 வரைக்குமான ஃபிளாட்ஹெட். இதில் நடுவில்தான் இருந்தது. எஞ்சின் உண்மையிலேயே பழசு. நிஜமான பொருள் ஒன்றை முன்னால் வைத்துவிட்டால் மிச்சத்தை நாமே நம்பிவிடுகிறோம்.

மூன்று வாரம் கழித்து, பிரேக் பார்க்க உதவிக்கு வந்தார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். வாழ்நாள் முழுக்க வெல்டிங் வேலை பார்த்தவர். டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இந்த வெல்டிங் என் அப்பா காலத்து ஆள் வைத்தது இல்லை” என்றார்.

சேஸ் முழுக்க மிக் வெல்டிங், அதாவது மெஷினே கம்பியைத் தொடர்ந்து ஊட்டும் வகை. 1947-இல் வீட்டுக் கொட்டகையில் கேஸ் வெல்டிங் இருந்திருக்கும், இல்லையென்றால் ராடு வைத்துப் போடும் ஆர்க் வெல்டிங். எஃகுக்கு மிக் வந்ததே 1950-களில். 1932 ஃபோர்டு சேஸில் குறுக்குச் சட்டத்தைத் தொழிற்சாலையில் ரிவெட் அடித்துத்தான் பொருத்தினார்கள். இதில் ஒரு ரிவெட்கூட இல்லை. சீட்டைத் தாங்கும் போல்ட்டின் தலையில் 8.8 என்ற மெட்ரிக் முத்திரை; அன்றைய அமெரிக்க ஃபோர்டில் அங்குல அளவு போல்ட்டுதான். அதற்கப்புறம் பாடியைத் தூக்கினோம். வி8 வந்த 1932 சேஸ் என்றால் இடது ரெயிலின் (சேஸின் நீளவாட்டுச் சட்டம்) மேல்பக்கம் 18 என்று தொடங்கும் எண் குத்தியிருக்க வேண்டும். இதில் எண்ணே இல்லை, வெறும் இரும்பு. அதைவிட எனக்கு வலித்தது, அந்த ரெயிலில் தேவையில்லாத ஓட்டை ஒன்றுகூட இல்லாததுதான். நிஜமாக ஓடிய காரில் எதையாவது மாட்டி, கழற்றி, இடம் மாற்றி, மறுபடி மாட்டிய ஓட்டைகள் இருக்கும். அந்தப் பையன்களின் கையெழுத்தே அதுதான்.

கடைசியில் தகட்டைக் கழற்றினேன். அடியில் இருந்த பெயின்டுக்கும் வெளியே இருந்ததற்கும் துளி வித்தியாசம் இல்லை. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் வெயில் பட்ட டேஷ்போர்டு அப்படி இருக்காது. தேதியைக் காலண்டரில் போட்டுப் பார்த்தேன். 1947 ஜூன் 11 ஒரு புதன்கிழமை. ஏரிப் பந்தயங்கள் வார இறுதியில் நடந்தவை. ஓட்டியவர்கள் வார நாளில் வேலைக்குப் போகிறவர்கள்.

விற்றவரை அழைத்தேன். “உள்ளபடியே விற்றேன், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்றார். அப்புறம் போனே எடுக்கவில்லை. விற்பனைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் ‘ஃபோர்டு ரோட்ஸ்டர்’ என்று மட்டும் இருக்கிறது. 1947, எல் மிராஜ், பந்தயம் எதுவுமே எழுத்தில் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. கலிஃபோர்னியாவில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனி ஆள் 12,500 டாலர் வரைதான் கேட்க முடியும். பெரிய வழக்குக்குப் போனால் வக்கீல் செலவு மிச்சப் பணத்தையும் தின்றுவிடும்.

புதிதாகக் கட்டிய ஹாட் ராட் ஒன்றும் கேவலமில்லை. நன்றாகக் கட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதுசைப் பழசென்று சொல்லி, எங்கேயோ உண்மையாக ஓடிய ஒருவரின் பெருமையை அதில் திருகி விற்றதுதான் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட காரை யாராவது உங்களிடம் காட்டினால், லிஃப்ட் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சேஸ் எண்ணைக் கேளுங்கள். சொல்லும் கதையை விற்பனைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்தக் காரை இப்போது விற்கப் போட்டிருக்கிறேன். புதுச் சேஸ், புதுப் பாடி, பழைய எஞ்சின் என்று எழுதி, வெல்டிங் படங்களோடு 16,000 டாலர். தகடு என் மேசை டிராயரில் இருக்கிறது. அது காரோடு போகாது.