நூறு மில்லி ஆட்டோகிளேவ்: ஜியோலைட் செய்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

பினாங்கில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திற்காக, கோலாலம்பூரிலுள்ள ஓர் ஆய்வுக்கருவிக் கடையிலிருந்து 100 மில்லி கொள்ளளவுள்ள ஆட்டோகிளேவ் (அழுத்தத்தில் சூடாக்குவதற்கான, இறுக மூடும் பாத்திரம்) மூன்றை வாங்கி மூன்று மாதங்களுக்கு மேலாகிறது. ஒன்றின் விலை 265 ரிங்கிட். வெளியே 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு உறை, உள்ளே வெள்ளை டெஃப்லான் குவளை, அதற்கொரு டெஃப்லான் மூடி, அதன்மேல் திருகி இறுக்கும் எஃகுத் தலை, இவ்வளவுதான் கருவி. தோற்றத்தில் குட்டி டிபன் கேரியரைப் போல இருக்கும், கையில் தூக்கினால் அம்மிக் குழவியின் கனம் தெரியும். இதே பொருளை வாங்கலாமா என்று ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் கேட்டிருந்ததால், பதினான்கு முறை பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தேவை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வேறு தேவைக்கு வாங்குபவருக்கு நான் சொல்லும் குறைகள் குறைகளாகவே தெரியாமல் போகலாம். நாங்கள் செய்வது எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பயன்படும் செயற்கை ஜியோலைட்டுகள். சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜன் வழியாகக் கைகோத்து நிற்கும் படிகங்கள் இவை. படிகம் முழுவதும் ஒரே அளவான நுண்துளைகள் ஓடுவதால், எந்த மூலக்கூறு உள்ளே போகலாம், எது போக முடியாது என்பதைத் துளையின் வாயே தீர்மானித்துவிடுகிறது. கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்து பெட்ரோலாக்கும் அலகுகளில் ஒய் வகை ஜியோலைட்தான் முக்கிய வேலையைச் செய்கிறது. அதன் துளைவாய் சுமார் 7.4 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். அதோடு சிறிதளவு சேர்க்கப்படும் இசட்எஸ்எம்-5 என்ற இன்னொரு ஜியோலைட்டின் துளை ஏறத்தாழ ஐந்தரை ஆங்ஸ்ட்ராம். பெரும்பாலும் நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளையே உள்ளே விட்டு உடைப்பதால் பெட்ரோலின் ஆக்டேன் எண் (எஞ்சினில் தட்டாமல் எரியும் தரம்) கூடுகிறது, பிளாஸ்டிக் தொழிலுக்கு வேண்டிய புரோப்பிலீனும் கூடுதலாகக் கிடைக்கிறது.

இயற்கையில் கிடைக்கும் ஜியோலைட்டைச் சூடாக்கியபோது அது நுரைத்துக் கொதிப்பதைப் பார்த்து, 1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் கொதிக்கும் கல் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். ஆனால் சுத்திகரிப்புத் தொழிலை மாற்றியது மண்ணிலிருந்து தோண்டிய கல் அல்ல, பாத்திரத்தில் சமைத்த கல். யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் மில்டன் 1949 வாக்கில் ஏ, எக்ஸ் ஆகிய வகைகளை உருவாக்கினார். மோபில் நிறுவனத்தின் பிளாங்கும் ரோசின்ஸ்கியும் அருமண் உலோகங்கள் ஏற்றிய ஜியோலைட்டை எண்ணெய் உடைப்பில் புகுத்த, 1962இல் அது வணிகப் பயன்பாட்டிற்கு வந்தது. அதுவரை பயன்பட்ட படிகமற்ற சிலிக்கா-அலுமினாவைவிட, அதே எண்ணெயிலிருந்து கூடுதல் பெட்ரோல் கிடைத்தது. இசட்எஸ்எம்-5க்கான காப்புரிமை 1972இல் வெளியானது. இவை அத்தனையும் எங்களுடையதைப் போன்ற மூடிய பாத்திரங்களில், சிலிக்காவும் அலுமினாவும் கலந்த காரக் கூழைச் சூட்டில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்ததன் விளைவு என்பதால்தான், பாத்திரத்தின் தரத்தைப் பற்றி இவ்வளவு அக்கறைப்பட வேண்டியிருக்கிறது.

பெட்டி வந்த அன்றே நாங்கள் செய்த முதல் சோதனை மிக எளியது. ஒவ்வொரு குவளையிலும் 60 மில்லி தண்ணீர் ஊற்றி, மூடி இறுக்கி, மொத்தமாக எடை போட்டு, ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்து, ஆறிய பிறகு மறுபடி எடை போட்டோம். முதல் இரண்டில் எடை இழப்பு அரை கிராமுக்கும் கீழே. மூன்றாவதில் ஒன்பது கிராம் காணாமல் போயிருந்தது. அந்த வெப்பநிலையில் உள்ளே இருக்கும் நீராவியின் அழுத்தம் சுமார் 8 பார். வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போதுகூட உள்ளே 2 பார் அளவில்தான் இருக்கும். ஆகவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஆவி வழி கண்டுபிடித்துவிடும். தண்ணீர் போனால் கூழின் செறிவு மாறும், செறிவு மாறினால் வேறு படிகம் வளரும். இரண்டு நாள் காத்திருந்து எடுத்த வெள்ளைத் தூள் எதுவென்றே தெரியாமல் போகும். இந்தக் கருவியை வாங்கும் யாராக இருந்தாலும், கூழை ஊற்றுவதற்கு முன்னால் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

உண்மையில் கூழை வைத்த பிறகு கசிந்தால் தராசுகூடத் தேவைப்படாது. இசட்எஸ்எம்-5 படிகத்தின் வலைப்பின்னல் எந்த உருவில் அமைய வேண்டும் என்பதற்கு அச்சாக நாங்கள் சேர்க்கும் டெட்ராபுரோப்பைல் அமோனியம் ஹைட்ராக்சைடு, சூட்டில் கொஞ்சம் சிதைந்து அமீனாக மாறும். ஓவன் கதவைத் திறந்ததும் கருவாட்டுக் கடைக்குள் நுழைந்தது போன்ற வாடை அடித்தால், எந்தப் பாத்திரமோ ஒழுகுகிறது என்று பொருள். எங்கள் கூடத்தின் உதவியாளர் கமலா அக்காவுக்கு இந்த வேதியியலில் பழக்கம் கிடையாது, ஆனால் அந்த வாடையை வைத்து முதலில் எச்சரித்தவர் அவர்தான்.

மூன்றாவது பாத்திரத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். கடைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது எடுத்த இளைஞர், "அக்கா, இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிப் பாருங்க" என்றார். கருவியோடு வரும் இரும்புக் கம்பியைத் தலையின் துளையில் செருகி, இரண்டு பேர் சேர்ந்து இறுக்கினோம். விளைவு, டெஃப்லான் குவளையின் விளிம்பு நசுங்கி ஒரு பக்கம் உதடு பிதுங்கியது போலாகிவிட்டது; கசிவு மட்டும் நிற்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் எஃகுத் தலையின் உட்புறம் சமமாகக் கடையப்படாமல், ஓரத்தில் சிறு மேடு இருப்பது தெரிந்தது. படம் எடுத்து அனுப்பிய பிறகும் நான்கு மின்னஞ்சல்கள் எழுத வேண்டியிருந்தது. மாற்றுப் பாத்திரம் பதினேழாம் நாள் வந்தது, நன்றாகவே வேலை செய்கிறது. கூரியர் செலவு மட்டும் எங்கள் தலையில் விழுந்தது. விற்கும்வரை இருந்த சுறுசுறுப்பு விற்ற பிறகும் இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

கையேட்டில் 220 டிகிரி வரை, 30 பார் அழுத்தம் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எஃகுக்கு அது பொருந்தலாம், குவளைக்குப் பொருந்தாது. டெஃப்லான் உருகுவதற்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், அழுத்தத்தின்கீழ் 200 டிகிரியைத் தாண்டும்போதே மெல்ல நெகிழ்ந்து வடிவம் இழக்கத் தொடங்கும். இன்னொரு சங்கதியும் உண்டு: சூட்டில் டெஃப்லான் எஃகைப் போலச் சுமார் ஏழு மடங்கு விரியும். ஓவனுக்குள் அது விரிந்து மூடியை இறுகப் பிடித்துக்கொள்கிறது, ஆறும்போது சுருங்கித் தளர்கிறது. ஒவ்வொரு முறையும் இப்படி விரிந்து சுருங்குவதால் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிறது. பத்தாவது முறைக்குப் பிறகு எங்கள் முதல் பாத்திரத்தைக் கால் சுற்று கூடுதலாக இறுக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டுச் சூடான பாத்திரத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் இந்தத் தேய்மானம் வேகமாகும். நாங்கள் 180 டிகிரியைத் தாண்டுவதில்லை, தானாக ஆறும்வரை கை வைப்பதுமில்லை.

பாதுகாப்பு வால்வு இதில் கிடையாது. குக்கருக்கு இருக்கும் விசில்கூட இதற்கு இல்லை என்பதால், குவளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றவே கூடாது. தண்ணீர் 180 டிகிரிக்குப் போகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும். மேலே வெற்றிடம் இல்லாமல் நிரப்பிவிட்டால், ஆவியின் அழுத்தம் என்ற கணக்கே செல்லாது, விரியும் நீர் நேரடியாக எஃகைத் தள்ளும். கையேட்டில் இந்த எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. மூடியின் மேலேயே பொறித்திருக்க வேண்டிய செய்தி.

இந்தக் கருவியில் எனக்கு மிகப் பெரிய பாடம் கற்றுத் தந்தது அதன் குவளையின் ஞாபக சக்தி. ஐந்து முறை இசட்எஸ்எம்-5 செய்த குவளையை நன்றாகக் கழுவி, அதே குவளையில் மார்டனைட் என்ற வேறொரு ஜியோலைட்டுக்கான கூழை வைத்தோம். எந்தப் படிகம் என்று அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் மார்டனைட்டுக்கு உரிய உச்சிகள் வந்தன, கூடவே 7.9, 8.8 டிகிரிகளில் இரட்டையாகவும் 23 டிகிரியைத் தாண்டி ஒரு கொத்தாகவும் அழைக்காத விருந்தாளிகள் வந்து நின்றார்கள். அவை இசட்எஸ்எம்-5இன் கைரேகை. டெஃப்லானின் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் ஒளிந்திருந்த பழைய படிகத் துகள்கள் விதையாகி, புதிய கூழில் தம் இனத்தையே வளர்த்துவிட்டன. சோப்பும் பிரஷும் இங்கே எடுபடாது. அடர்த்தியான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி, ஜியோலைட் சமைக்கும் அதே சூட்டில் ஓர் இரவு வைத்தால்தான் அந்த விதைகள் கரைகின்றன. அதைவிட உத்தமம், வகைக்கு ஒரு குவளை வைத்துக்கொள்வது. உதிரிக் குவளை ஒன்று 70 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. குவளையின் அடியில் எண் பொறித்து, எந்த எண்ணில் எது சமைந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

சூடேறும் வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். எஃகுச் சுவர் தடிமனாக இருப்பதால், ஓவன் 170 காட்டினாலும் உள்ளே இருக்கும் கூழ் அந்தச் சூட்டை எட்ட ஒரு மணி நேரத்திற்கு மேலாகிறது. இரண்டு நாள் வளரும் இசட்எஸ்எம்-5க்கு இது பெரிய விஷயமில்லை. ஒய் வகைக்கு அப்படியல்ல. 100 டிகிரியில் வளரும் அதை, நேரம் தாண்டி விட்டுவிட்டால் துளை குறுகிய பி வகையாக மாறத் தொடங்கிவிடும். ஒய் செய்வதற்கு இவ்வளவு கனமான பாத்திரமே தேவையில்லை, இறுக மூடும் பிளாஸ்டிக் புட்டி போதும் என்பது என் கருத்து; அதற்காக இதை வாங்குபவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

பினாங்கில் இருப்பதன் ஒரு வசதி, கூப்பிடு தூரத்தில் கெடாவின் நெல் வயல்கள் இருப்பது. அரிசி ஆலையில் கழிவாகக் குவியும் உமியை அமிலத்தில் கழுவி, 600 டிகிரியில் எரித்தால் கிடைக்கும் வெள்ளைச் சாம்பலில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்காதான். கடையில் வாங்கும் சிலிக்காவுக்குப் பதிலாக அந்தச் சாம்பலைக் காரத்தில் கரைத்து, இதே பாத்திரத்தில் நான்கு முறை இசட்எஸ்எம்-5 செய்தோம். நான்கிலும் படிகம் வந்தது. கழுவாமல் எரித்த உமிச் சாம்பலில் மட்டும் பொட்டாசியம் தங்கி, சிலிக்காவே படிகமாகி இறுகி, காரத்தில் சரியாகக் கரையவில்லை. அது பாத்திரத்தின் குற்றமல்ல.

ஒரு முறை சமைத்தால் கழுவி, உலர்த்தி, 550 டிகிரியில் சூளையிட்டு அச்சு மூலக்கூறை எரித்த பிறகு, கையில் மிஞ்சுவது ஐந்து கிராம் அளவிலான தூள். வினையூக்கியின் உடைக்கும் திறனை ஆய்வுக்கூட அளவில் ஒரு முறை சோதிக்க அது போதும். ஆனால் போர்ட் டிக்சனிலோ மலாக்காவிலோ இருக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கு ஏற்ற பொருள் இது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எண்ணெய் உடைக்கும் அலகில் சுழலும் வினையூக்கி, ஜியோலைட்டோடு கயோலின் களிமண்ணும் பிணைப்பானும் சேர்த்துத் தூவி உலர்த்திய, சுமார் 70 மைக்ரான் உருண்டை. 500 டிகிரிக்கு மேல் எண்ணெயைச் சந்தித்துச் சில நொடிகளில் கரி படிந்து, அடுத்த கலத்தில் 700 டிகிரி அளவில் காற்றிலும் நீராவியிலும் அந்தக் கரியை எரித்துவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்த நீராவியில் அலுமினியம் உதிர்ந்து வலைப்பின்னல் சரியாமல் நிற்கிறதா என்பதுதான் உண்மையான பரீட்சை, அதற்கு வேறு உலை வேண்டும். இந்தப் பாத்திரத்தில் கலக்கும் வசதியும் இல்லை. அசையாத கூழில் அடியில் ஓர் அளவு, மேலே ஓர் அளவு என்று படிகம் வளர்வதால், ஒரே செய்முறையில் இரண்டு பாத்திரங்களின் விளைச்சல் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஒரு செய்முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோகத் திட்டமிடுபவர்கள், ஓவனுக்குள்ளேயே பாத்திரங்களைச் சுழற்றும் அமைப்புள்ள கருவிக்குச் சேமிப்பது நல்லது. அதன் விலை இதைப் போலப் பல மடங்கு.

முதன்முறையாக ஜியோலைட் செய்து பார்க்கும் முதுகலை மாணவருக்கும், பல கலவைகளை ஒரே நேரத்தில் ஒப்பிட நினைக்கும் சிறிய கூடத்துக்கும் 265 ரிங்கிட்டுக்கு இது தாராளமாகப் போதும். பழுதான மூன்றாவது பாத்திரத்தைக் கடை திரும்பக் கேட்கவில்லை. அதன் தலையைக் கடைசல் பட்டறையில் கொடுத்து 30 ரிங்கிட்டுக்குச் சமப்படுத்தி, கேட்டு வாங்கிய உதிரிக் குவளை ஒன்றைப் போட்டு, இப்போது காரக் கழுவலுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். சென்ற வாரத் தண்ணீர்ச் சோதனையில் அது இழந்தது 0.4 கிராம்.