கிரேஞ்சா, ஹில் ஆஃப் கிரேஸா?

ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின்களில் உச்சத்தில் இருப்பது எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் கிரேஞ்ச் என்பார்கள். ஒயினோடு கொஞ்சம் கூடுதலாகப் பழகியவர்கள் ஒரு கணம் தயங்குவார்கள். தயக்கத்துக்குக் காரணம் ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஆஃப் கிரேஸ். இரண்டும் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் திராட்சையிலிருந்து பிறப்பவை. விலையும் ஏறத்தாழ ஒன்றுதான், ஒரு பாட்டில் ஆயிரம் ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி வரும். அப்படியானால் எதை வாங்குவது?

முதலில் கிரேஞ்ச். 1950-இல் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினின் தயாரிப்பைப் பார்த்து வரச்சொல்லி, தன் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பியது பென்ஃபோல்ட்ஸ். அவர் அப்படியே பிரான்சின் ஒயின் பகுதியான போர்டோவுக்கும் போனார். அங்கே பல பத்தாண்டுகள் கடந்த ஒயின்கள் இன்னும் உயிர்ப்போடு இருப்பதை ருசித்தவருக்கு, நம் ஊரிலும் இப்படி ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. போர்டோவின் கேபர்நே சாவின்யான் திராட்சை தெற்கு ஆஸ்திரேலியாவில் போதுமான அளவு கிடைக்கவில்லை; ஷிராஸ் தாராளமாகக் கிடைத்தது. பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்க்குப் பதிலாகப் புது அமெரிக்க ஓக் பீப்பாய். 1951-இல் முதல் சோதனை ஒயின் தயாரானது.

ருசித்தவர்கள் முகம் சுளித்தார்கள். நசுக்கிய எறும்பு போல இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார். 1957-இல் நிர்வாகம் தயாரிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. பென்ஃபோல்ட்ஸின் மகில் நிலவறையில் 1957, 58, 59 என மூன்று ஆண்டுகள் மேலிடத்துக்குத் தெரியாமலே செய்துகொண்டிருந்தார். புது பீப்பாய் வாங்கினால் கணக்கில் மாட்டிக்கொள்வார் என்பதால், அந்த மூன்று ஆண்டு ஒயின்களிலும் ஓக்கின் சாயல் குறைவு. இதற்குள் ஆரம்பத்தில் செய்தவை பாட்டிலில் முதிர்ந்து கனிந்துவிட்டன. மறுபடி ருசித்துப் பார்த்த நிர்வாகமே 1960-இல் திரும்பத் தொடங்கச் சொன்னது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கிரேஞ்ச் ஒரு தோட்டத்தின் ஒயின் அல்ல. பரோசா, மெக்லாரன் வேல் என்று பல இடங்களின் திராட்சையிலிருந்து அந்த ஆண்டு எது சிறந்ததோ அதை எடுத்து, பல ஆண்டுகளில் கொஞ்சம் கேபர்நேயும் சேர்த்து, கிரேஞ்சின் குணம் மாறாமல் கலக்கிறார்கள். கலப்பவரின் நாக்குதான் அதன் நிலம்.

ஹில் ஆஃப் கிரேஸ் இதற்கு நேர் எதிர். ஈடன் வேலியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய லூத்தரன் தேவாலயம், இந்தப் பக்கம் சுமார் 8 ஹெக்டேர் தோட்டம். அதில் ஷிராஸ் பாதிதான். தேவாலயத்தின் பெயர் க்னாடன்பெர்க். அருள் குன்று என்று பொருள்படும் அந்த ஜெர்மன் பெயரைத்தான் ஒயினுக்கு ஆங்கிலத்தில் வைத்தார்கள். மிகப் பழைய கொடிகள் 1860 வாக்கில் நடப்பட்டவை. ‘தாத்தாக்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர். முறுக்கேறி, பட்டை உரிந்து, கொடி என்று சொல்ல முடியாதபடி மரமாகவே தடித்துப்போன தண்டுகள். காய்ப்பு குறைவு, சாற்றின் அடர்த்தி அதிகம்.

இந்தக் கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் அவர்கள் மீண்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அந்தப் பூச்சி வரவே இல்லை. ஷிராஸின் தாய்வீடு பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு. இருந்தாலும் இத்தனை வயதான ஷிராஸ் கொடிகளைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும். சிரில் ஹென்ஷ்கி 1958-இல் இந்தத் தோட்டத்தை முதன்முதலாகத் தனி ஒயினாக்கினார். மகன் ஸ்டீபன் ஒயினைப் பார்த்துக்கொள்ள, அவர் மனைவி ப்ரூ தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். விதைநெல் எடுத்து வைப்பது போல, நன்றாகக் காய்க்கும் பழங்கொடிகளாகப் பார்த்துப் பதியன் குச்சி எடுத்து நட்டு வருகிறார் ப்ரூ.

ஒரே தோட்டத்தை நம்பினால் அதற்கு ஒரு விலை உண்டு. 2000-இலும் 2011-இலும் பருவம் கைவிட்டது. ஹில் ஆஃப் கிரேஸ் வெளிவரவில்லை. கிரேஞ்ச் இரண்டு ஆண்டும் வந்தது. 1951 முதல் அது ஓர் ஆண்டுகூடத் தவறியதில்லை.

இரண்டையும் ஒரே மாலையில், பக்கத்துப் பக்கத்துக் கோப்பைகளில் ருசிக்க எனக்கு ஒருமுறை வாய்த்தது. கிரேஞ்சை மூக்கருகே கொண்டுபோனதுமே ஓக் முன்னால் வந்தது: வறுத்த தேங்காய், வெனிலா, பின்னாலேயே கறுத்துக் கனிந்த பழம். வாயில் வைத்தால் நாவல்பழம் தின்றபின் நாக்கில் ஒட்டுமே, அந்தத் துவர்ப்பு, பல மடங்காக. பத்து வயது தாண்டிய பாட்டில்தான், ஆனால் இன்னும் முரட்டுப் பிள்ளையாகவே இருந்தது. ஹில் ஆஃப் கிரேஸ் முதலில் அடக்கமாக இருந்தது. கால் மணி நேரம் காற்றுப் பட்டதும் அன்னாசிப்பூவும் மிளகும் கிராம்பும் எழுந்தன, கறிமசாலாவுக்கு வறுக்கும்போது அடுக்களை முழுக்கப் பரவுமே அந்த வாசனை. துவர்ப்பும் உண்டு, ஆனால் மாவு போல மெல்லியது. விழுங்கிய பிறகும் வெகுநேரம் தொண்டையில் நின்றது. அன்று கடைசிவரை என் கை இரண்டாவது கோப்பைக்குத்தான் போனது.

இருபது, முப்பது ஆண்டு வைத்துப் பார்க்கப் பொறுமையும் குளிர்ந்த இருட்டறையும் இருப்பவர்கள் கிரேஞ்சை வாங்கலாம். பதினைந்து வயது தாண்டிய பாட்டில்களைத் திறந்து சோதித்துப் புதுத் தக்கை போட்டுக் கொடுக்கும் முகாம்களை பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் நடத்துகிறது. எனக்கென்று ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் ஹில் ஆஃப் கிரேஸ்தான். நல்ல திராட்சையைத் தேடிப்பிடித்துத் திறமையாகக் கலக்க நாளை இன்னொருவர் வரலாம். அந்த ‘தாத்தாக்கள்’ போனால் இன்னொரு 160 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

சரி, இரண்டுமே கைக்கு எட்டாத விலை என்பவர்களுக்கு: பென்ஃபோல்ட்ஸில் ‘பின் 389’ (Bin 389) என்ற ஒயின் இருக்கிறது. கேபர்நேயும் ஷிராஸும் கலந்தது. அதில் ஒரு பங்கு, முந்தைய ஆண்டு கிரேஞ்ச் இருந்த பீப்பாய்களில் முதிர்வது. ஹென்ஷ்கியில் மவுண்ட் எடல்ஸ்டோன், 1912-இல் நட்ட ஒரே ஷிராஸ் தோட்டத்திலிருந்து வருவது. விலை பின் 389-ஐ விடக் கூடுதல்தான். இருந்தாலும் அந்த மிளகு வாசனைக்காக நான் மவுண்ட் எடல்ஸ்டோனுக்கே காசு சேர்ப்பேன்.