"ரூட் மாறாது சேர்": துருவக் கப்பலுக்குக் காசு கட்டப்போகிறவர்கள் வாசிக்க

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கோ. நேரமில்லாதவர்கள் இந்தப் பந்தியோடு போகலாம். துருவப் பக்கம் போகிற கப்பல் பாதையை மாற்றத்தான் செய்யும், அதற்கு ஒருவரையும் குறை சொல்ல ஏலாது. ஆனால் மாறாது என்று அடித்துச் சொல்லிக் காசு வாங்கி, மாறின செய்தி வந்தபிறகும் மூச்சுவிடாமல் இருந்த ஓர் அலுவலகம் எங்கள் யாழ்ப்பாண நகருக்குள்ளே இருக்கிறது. நான் அங்கே கட்டியது கப்பலுக்கு மட்டும் 22 இலட்சம் ரூபாய்.

நான் முப்பத்திமூன்று வருடம் புவியியல் படிப்பித்தவன். ஆர்க்டிக் வட்டம் 66½ பாகை வடக்கு என்று கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன் என்று கணக்கில்லை. நள்ளிரவுச் சூரியனை ஒருக்கால் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது பழைய ஆசை. அக்கா 87இல் நோர்வே போனவ. முதலில் வடக்கே பின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலையில் வேலை, இப்போது ஒஸ்லோவில் இருக்கிறா. அவவின் மகன், என் மருமகன்தான், நோர்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கிற தீவுக்கூட்டத்தைச் சொல்லித் தொடங்கி வைத்தான்: "மாமா, ஸ்வல்பார்ட் வாங்கோ. ஒஸ்லோவிலயிருந்து பிளேன், அங்கயிருந்து கப்பல். பாதிக் காசு என்ர." மனிசி வரமாட்டேன் என்றுவிட்டா. காசு குடுத்துக் குளிரைப் பார்க்கப் போறதோ என்பது அவவின் கேள்வி.

கப்பல் கொம்பனியிடம் நேரே பதியச் சொன்னான் மருமகன். நான்தான் கேட்கவில்லை. ரூபாயில் கட்டலாம், விசாவையும் தாங்களே பார்ப்பார்கள் என்று ஆரோ சொன்னதைக் கேட்டு இங்கே போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் ரப்பர்ப் படகுக்குப் பக்கத்தில் நிற்கிற துருவக் கரடியின் படம். மேசையில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பி, "சேர், நானும் உங்கட பள்ளிக்கூடம்தான்" என்றார். என்னிடம் படித்த முகமாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்தச் 'சேர்' என்ற சொல்லில் நான் பாதி விழுந்துவிட்டேன்.

ஒரு தாள் தந்தார். பத்து நாட்கள். ஸ்வல்பார்ட்டின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பேர்கனை முழுதாகச் சுற்றி வருதல். மூன்றாம் நாள் நி ஓலசுண்ட், ஐந்தாம் நாள் காலை ஹின்லோப்பன் நீரிணை, ஆறாம் நாள் துருவக் கரடி. கரடிக்குக்கூட நேரம் போட்டிருந்தது, பருத்தித்துறை பஸ்ஸுக்குப் போட்டதுபோல.

"தம்பி, பனி கினி எண்டு ரூட் மாறாதோ?"

"ரூட் மாறாது சேர். இது வெள்ளைக்காரன்ர கொம்பனி. சொன்னாச் சொன்னதுதான்."

நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவானில் காத்து நின்ற எவருக்கும் இந்தப் பதிலைக் கேட்டவுடன் சிரிப்பு வந்திருக்கவேண்டும். ஒரு மணித்தியாலக் கடலுக்கே காற்று எழும்பினால் படகில்லை. அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை; அங்கே கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் போய்ச் சேர்ந்தது. அதன் தண்டையல் (கப்பல் தலைவர்) எவராவது ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு எங்கே நிற்போம் என்று எழுதிக் கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். காசைக் கட்டிவிட்டேன். அதோடு "தரையிறங்கும் கட்டணம்" என்று தனியாக 85,000 ரூபாய். அதற்கு இரசீதும் தனி. அந்த இரசீதை வைத்திருந்தது பிறகு உதவியது.

விசாவில் ஒரு கண்டம் தப்பியது. ஸ்வல்பார்ட் நோர்வேக்குரியதுதான், ஆனால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பல ஒரே விசாவில் சேர்ந்த வலயம்) எல்லைக்கு வெளியே. ஒஸ்லோவிலிருந்து அங்கே பறந்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது மறுபடி நுழைய வேண்டும். ஆகவே இரண்டு தரமாவது நுழையக்கூடிய விசா வேணும். இவர்கள் நிரப்பின விண்ணப்பத்தில் ஒருதரம் நுழைவதற்கு மட்டுமே அடையாளம் போட்டிருந்தது. மருமகன் வட்சப்பில் படத்தைப் பார்த்துக் கத்தினபிறகுதான் திருத்தினார்கள். அப்போதே ரிக்கெற்றைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும்.

அக்காவோடு இருக்கலாம் என்று மூன்று நாள் முந்தியே ஒஸ்லோ போனேன். அது ஏன் நல்லதாய்ப் போனது என்று பிறகுதான் தெரிந்தது. யோசித்து எடுத்த முன்னேற்பாடு ஒன்றுமில்லை, அக்காவின் மீன்குழம்புக்காகப் போனதுதான். ஸ்வல்பார்ட்டின் நகரான லோங்கியர்பியெனுக்கு விசேட விமானம் என் தாளில் பின்னேரம் என்று இருந்தது. உண்மையில் அதிகாலை. முந்தின நாள் மாலை மருமகன் எதேச்சையாகக் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்ததால் பிடித்தோம். தாளை நம்பி அன்றைக்கு மத்தியானம் வந்து இறங்கியிருந்தால், கப்பல் எனக்காக நின்றிருக்காது.

கப்பலில் முதல் இரவு, சாப்பாட்டு மேசையில் ஒரு ஜேர்மன்காரப் பெரியவர் கேட்டார்: "நீங்கள் கழிவை எடுத்தீர்களா, அல்லது வராமல் விட யோசித்தீர்களா?" என்ன கழிவு என்று நான் கேட்டேன். அவர் தன் ஈமெயிலைக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாப் பதிவுகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பதிந்த கப்பலுக்குப் பதிலாக வேறு கப்பல், விமான நேரம் அதிகாலைக்கு மாற்றம், அதற்கு முந்தின இரவு ஒஸ்லோவில் தங்க வேண்டும். விருப்பமில்லாதவர்கள் 14 நாட்களுக்குள் அறிவித்தால் முழுக்காசும் திரும்பும். வருகிறவர்களுக்கு ஆளுக்கு 400 யூரோ திருப்பித் தரப்படும், பதிவு செய்த முகவர் மூலமாக.

எனக்கு அப்படியொரு கடிதமே வரவில்லை. என் பெயரில் கொம்பனியிடம் இருந்த ஈமெயில் முகவரி அந்த அலுவலகத்தினுடையது. போகிறவன் நான், ஆனால் என்னோடு கதைக்கக் கொம்பனிக்கு வழியே இல்லை.

அடுத்த நாள் மாலை பயணத் தலைவி வரைபடத்தை விரித்துப் பென்சிலால் பாதை கீறினா. பேனையால் அல்ல. தீவின் கிழக்குப் பக்கமும் ஹின்லோப்பனும் பனியால் அடைத்துக் கிடக்கின்றன, முழுச் சுற்று இல்லை, மேற்கும் வடமேற்கும்தான் என்றா. நோர்வே வானிலை நிலையம் வேலை நாட்களில் வெளியிடுகிற பனி வரைபடத்தைத் திரையில் போட்டா. நெருக்கமான மிதக்கும் பனி சிவப்பு, ஐதான இடங்கள் மஞ்சள், பச்சை, திறந்த கடல் நீலம். கிழக்கெல்லாம் சிவப்பு. எங்கள் கப்பலின் உடல் பனிக்கு ஏற்பப் பலப்படுத்தியது, ஆனால் பனி உடைக்கிற கப்பல் இல்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அட்லாந்திக்கிலிருந்து வருகிற வெப்ப நீரோட்டத்தின் ஒரு கிளை ஸ்பிட்ஸ்பேர்கனின் மேற்குக் கரையோடு வடக்கே போகிறது, அதனால் மேற்குக் கடல் திறந்திருக்கும். கிழக்கில் வடக்கிலிருந்து குளிர் நீரும் மிதக்கும் பனியும் இறங்கும். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வெப்ப நீரோட்டம், குளிர் நீரோட்டம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டின ஆள், பின்னேரம் ஒன்றில் நகருக்குள் போய்க் கிழக்குக் கரைக்கு நாள் குறித்து வாங்கி வந்திருக்கிறேன்.

பாதை மாறினதால் நான் இழந்தது பெரிதாக ஒன்றுமில்லை, அதையும் சொல்லத்தான் வேணும். நி ஓலசுண்ட்டில் 1926இல் துருவப் பயணி அமுண்ட்செனின் நோர்கே ஆகாயக்கப்பலைக் கட்டி வைத்த இரும்புக் கோபுரம் இன்னும் நிற்கிறது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் 2008 முதல் அங்கேதான். ரேடியோ அலைகளை வைத்துச் செய்கிற ஆய்வுக்கு இடைஞ்சல் என்பதால் ஊருக்குள் போனில் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். 80 பாகையைத் தாண்டி மொஃபன் தீவுக்குத் தூரத்தில் நின்று வால்ரஸ் கூட்டம் பார்த்தோம், மண்ணிறச் சாக்குமூட்டைகளைக் குவித்த மாதிரி. மொனாக்கோ பனிக்கட்டியாற்றின் முன்னால் எஞ்சினை நிறுத்தினார்கள். பனிக்குள் அடைபட்ட காற்று வெடிக்கிற சத்தம், தாளிக்கிற கடுகு போல. இரவு பன்னிரண்டு மணிக்கு மேல்தளத்தில் வெயிலில் நின்று அக்காவுக்குப் படம் எடுத்தேன்.

இரண்டு இறக்கங்கள் நடக்கவில்லை. ஒன்றுக்குப் புகார், அதாவது மூடுபனி, காரணம். காவலாளிகள் துவக்கோடு முதலில் இறங்கிச் சுற்றிவரப் பார்த்து, கரடி இல்லை என்று கண்டால்தான் எங்களை இறக்குவார்கள். புகாரில் கரடி தெரியாது, ஆகவே இறக்கமில்லை. மற்றதற்குக் காரணம் கரடியேதான். கரையில் நின்றது, நாங்கள் கப்பலிலேயே நின்றோம். யூலையில் கரடிக்கு 300 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது, மார்ச் முதல் யூன் முடியும்வரை 500 மீற்றர். 2025 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கரையிறங்கவும் குறித்த 43 இடங்கள்தான். எனக்குக் கரடி ஒரு மஞ்சள் புள்ளி, தூரநோக்கியில் கொஞ்சம் பெரிய மஞ்சள் புள்ளி. யாழ்ப்பாணத்துச் சுவரில் இருக்கிற படம் எந்தக் காலத்தில் எடுத்ததோ தெரியாது.

இறக்கம் இல்லாமல் போன அன்று, 85,000 ரூபாயில் அந்த இரண்டுக்கும் உரியதைத் திருப்பித் தருவீர்களா என்று வரவேற்பு மேசையில் கேட்டேன். அந்தப் பிள்ளை விளங்காமல் பார்த்தா. ரப்பர்ப் படகு, வழிகாட்டி, இரவல் சப்பாத்து எல்லாம் கப்பல் காசுக்குள்ளேயே அடக்கமாம். தரையிறங்கும் கட்டணம் என்று ஒன்று அந்தக் கப்பலிலேயே இல்லை.

ஏழாம் நாள் இன்னொரு மாற்றம். பயணி ஒருவருக்கு நெஞ்சு நோ. ஹெலிகொப்ரர் வரக்கூடிய தூரத்துக்குள் போகவேண்டும் என்று கப்பலைத் தெற்கே திருப்பினார்கள், ஒரு நாள் போனது. எவரும் முணுமுணுக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்தது வேறு விஷயத்தில். எங்கள் அலுவலகம் விற்ற காப்புறுதி விசாவுக்குக் கேட்கிற ஆகக் குறைந்த 30,000 யூரோக் காப்புறுதி. கப்பல் கொம்பனியின் நிபந்தனைகளை அன்றிரவுதான் முதல்முதலாக வாசித்தேன். அவசர வெளியேற்றத்துக்கு அவர்கள் கேட்டது அதைவிடப் பல மடங்கு. லோங்கியர்பியென் ஆஸ்பத்திரி சின்னன். கடுமையான நோயாளிகளை நோர்வேயின் வடக்கு நகரான துரும்சோவுக்குத்தான் பறக்கவிடுவார்கள். அந்த நெஞ்சு நோ எனக்கு வந்திருந்தால் அக்கா வீட்டை விற்றிருப்பா.

அதே நிபந்தனைகளில் கொட்டை எழுத்தில் இருந்தது: பனி, காலநிலை, பாதுகாப்பு, மருத்துவ அவசரம் காரணமாகக் கப்டன் எந்த நேரமும் பாதையை மாற்றலாம், நட்டஈடு இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு இது தெரியாமலிருக்க வழியில்லை.

ஊருக்கு வந்து நேரே போனேன். "அப்பிடி ஒரு காசும் வரேல்லையே சேர்" என்றார். கொம்பனிக்கு எழுதினேன். எந்தத் திகதி, எந்தக் கணக்குக்கு 400 யூரோ போனது என்று இரண்டு நாளில் பதில் வந்தது. அதைக் காட்டினபோது அவர் என்னைச் 'சேர்' என்பதை விட்டுவிட்டார். "ஐயா, அது எங்கட சேவைக் கட்டணத்தோட சரி" என்றார். ஏஜென்சி என்ற சொல் எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. அக்காவை அனுப்பினவன்கூடப் பாதிக் காசை அவ போய்ச் சேர்ந்தபிறகுதான் வாங்கினவன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், முதலில் 1977 இலக்கத்துக்கு எடுத்து விபரம் கேட்டுவிட்டு. இரசீதுகள், அந்தத் தாள், கொம்பனியின் பதில், எல்லாவற்றின் பிரதியும் இணைத்தேன். முறைப்பாடு போனபிறகு 85,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்துவிட்டது. 400 யூரோ வரவில்லை.

போகத்தான் போகிறீர்கள் என்றால், ஆர் மூலம் பதிந்தாலும் உங்கள் சொந்த ஈமெயிலையும் ரெலிபோன் இலக்கத்தையும் கப்பல் கொம்பனியிடம் நேரே கொடுத்து, பதிவு இலக்கத்தைச் சொல்லி உறுதிப்படுத்துங்கோ. நான் செய்யாமல் விட்டது அதுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது. காசு கட்ட முதல் கொம்பனியின் நிபந்தனைகளை முழுதாகக் கேட்டு வாங்குங்கோ. தரத் தயங்கினால் எழும்பி வாங்கோ. முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்று பாருங்கோ. போகும்போது இரண்டு நாள் முந்தி, வரும்போது ஒரு நாள் பிந்தி ரிக்கெற் எடுங்கோ. காப்புறுதியில் ஸ்வல்பார்ட் என்ற பெயர் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கோ. கரடியைப் பற்றி ஒன்றும் கேட்காதேங்கோ.

அலுவலகத்தின் பெயரைக் கேட்டுக் கீழே எழுதவேண்டாம், முறைப்பாடு விசாரணையில் இருக்கும்வரை பொதுவில் போடமாட்டேன். "தரையிறங்கும் கட்டணம்" என்று எழுதின இரசீது வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸில் படம் அனுப்புங்கோ. இதுவரை இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள், அதில் ஒருவர் அலாஸ்காவுக்குப் போனவர்.