ஸ்கூபா பயணம்: எதைச் சொந்தமாகக் கொண்டுபோவது, எதை வாடகைக்கு எடுப்பது

ஸ்கூபா முக்குளிப்புக்காகப் பயணம் செய்பவர்களில் எல்லாக் கருவிகளையும் சொந்தமாகக் கொண்டுசெல்பவர் அநேகமாக எவரும் இல்லை. உலகில் மிகுதியாகப் புழங்கும் 80 கன அடி அலுமினியச் சிலிண்டர் காற்று இல்லாமலேயே ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ளது. அதை விமானத்தில் ஏற்ற வேண்டுமானால் காற்றை முழுவதுமாக வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உட்புறம் தெரியும்படி பரிசோதனைக்குக் காட்ட வேண்டியிருக்கும். உடல் மிதக்காமல் அமிழ்வதற்காக இடுப்புப் பட்டையில் கோக்கும் ஈயக்கட்டிகளைப் பெட்டியில் சுமந்துபோவதிலும் பொருளில்லை. சிலிண்டரும் ஈயமும் போய்ச்சேரும் இடத்தில்தான் கிடைக்க வேண்டும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. எடைக் கணக்கில் பார்த்தால், சொந்தக் கருவி வைத்திருப்பவரும் பெரும்பாதி வாடகைப் பொருளோடுதான் நீரில் இறங்குகிறார். ஆகவே வாடகையா சொந்தமா என்ற கேள்விக்கு ஒட்டுமொத்தமாக ஒரு விடை தேடுவது பயனற்றது. அதை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்.

அந்தக் கருவி என் உடலின் அளவையோ, கடந்த சில நாள்களில் நான் மூழ்கிய கணக்கையோ அறிந்திருக்க வேண்டியதா என்பதை முதலில் பார்க்கிறேன். நீருக்கடியில் அது பழுதானால் என்ன ஆகும், அதை இதுவரை யார் எப்படிப் பராமரித்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டுமா என்பதை அடுத்துப் பார்க்கிறேன். இவற்றுக்கு எதிர்த்தட்டில் கருவியின் எடையும், ஆண்டுக்கு எத்தனை நாள் நான் கடலில் இறங்குகிறேன் என்பதும் இருக்கின்றன.

மாஸ்க் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. அரைக் கிலோ எடைகூட இல்லாத, சிறு பைக்குள் அடங்கிவிடுகிற அந்தப் பொருள், முகத்தோடு பொருந்தவில்லை என்றால் ஒரு முழு முக்குளிப்பையும் கெடுத்துவிடும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தால் அது தானாக ஒட்டி நிற்க வேண்டும். கன்ன எலும்பின் அமைப்பும் மூக்கின் அகலமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், வாடகைக் கூடையில் கிடக்கும் பத்து மாஸ்க்குகளில் ஒன்றுகூட அப்படி நிற்காமல் போகலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படுவது சரியன்று. அழுத்தமானியைப் படிக்க முடியாத கண்ணோடு நீருக்குள் இருப்பது பாதுகாப்புக் குறைபாடே ஆகும்.

மாஸ்க்குக்கு அடுத்தபடியாக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் பலரும், சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைச் சொல்வார்கள். நான் டைவ் கம்ப்யூட்டரைச் சொல்வேன். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் இந்தச் சிறு கருவி ஆழத்தையும் நேரத்தையும் மட்டும் காட்டுவதில்லை. உடலின் திசுக்களில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு கணித மாதிரியின் துணையோடு தொடர்ந்து கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. இன்று பரவலாகப் பயன்படும் ப்யூல்மன் மாதிரி உடலை 16 கற்பனைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நைட்ரஜனை ஏற்று வெளியிடும் வேகத்தைத் தனித்தனியே கணக்கில் கொள்கிறது. நீரைவிட்டு ஏறிய பிறகும் அந்தக் கணக்கு முடிவதில்லை. காலையில் மூழ்கியதன் மிச்சம் பிற்பகல் முக்குளிப்பின் எல்லையைக் குறைக்கிறது.

பயணத்தில் வாடகைக் கம்ப்யூட்டர் சிக்கலாவது இந்த இடத்தில்தான். மூன்று நாள் ஓர் ஊரில் மூழ்கிவிட்டு மறுநாள் வேறொரு தீவுக்குப் போய் அங்கே வேறொரு கம்ப்யூட்டரை வாங்கிக் கட்டிக்கொண்டால், அது உங்களை நைட்ரஜன் சிறிதும் சேராத உடலோடு வந்தவராகவே கருதி, இருப்பதைவிடக் கூடுதலான நேரத்தைக் காட்டும். முந்தைய வாடகைதாரர் செய்துவைத்த அமைப்பு மாறாமல் இருப்பது இன்னொரு ஆபத்து. 32 விழுக்காடு ஆக்ஸிஜன் கொண்ட நைட்ராக்ஸ் என்னும் கலவைக்கு அமைத்த கம்ப்யூட்டரை அப்படியே கட்டிக்கொண்டு சாதாரணக் காற்றைச் சுவாசித்து இறங்கினால், அது உடலில் சேரும் நைட்ரஜனைக் குறைத்தே கணக்கிடும். திரையில் தெரியும் எண்களை நம்பி ஆழத்தில் தங்குபவருக்குத் தான் எல்லையைத் தாண்டியது தெரியவே தெரியாது. சேர்ந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாவதால் வரும் அழுத்தக்குறைவு நோய் என்பது மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்பு வரை போகக்கூடியது. நூறு, இருநூறு கிராம் எடையுள்ள ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவருவதால் அந்த அபாயத்தின் ஒரு பகுதியாவது விலகும் என்றால், வாடகைக்கு எடுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ரெகுலேட்டர் விஷயத்தில் தீர்ப்பு இவ்வளவு எளிதன்று. இரு பக்கமும் வலுவான வாதங்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் கான்யானும் 1943இல் உருவாக்கிய கருவியின் அடிப்படைக் கோட்பாட்டில்தான் இன்றைய ரெகுலேட்டரும் இயங்குகிறது: மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்று வருகிறது. இன்றைய வடிவில், சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை முதல் நிலை, சுற்றழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் கூடுதலான அளவுக்குக் குறைக்கிறது. வாயில் பிடிக்கும் இரண்டாம் நிலை அதை மேலும் குறைத்துச் சுவாசத்துக்குத் தருகிறது. பழுதானால் பெரும்பாலும் காற்று நின்றுபோவதில்லை, அடங்காமல் கொட்டத் தொடங்கும் என்பது இதன் வடிவமைப்பிலேயே உள்ள பாதுகாப்பு.

வாடகை ரெகுலேட்டர் என்றாலே பழுதானது என்று நினைப்பது தவறு. நன்றாக நடத்தப்படும் ஒரு டைவ் சென்டரில் ரெகுலேட்டர்கள் நாள்தோறும் நீரில் இறங்குகின்றன, நாள்தோறும் நன்னீரில் அலசப்படுகின்றன, ஒன்றில் கோளாறு தெரிந்தால் அன்றே ஒதுக்கிவைக்கப்படுகின்றன. இதற்கு மாறாக, ஆண்டில் பதினொரு மாதம் அலமாரியில் கிடந்துவிட்டு விடுமுறைக்கு மட்டும் வெளியே வரும் சொந்த ரெகுலேட்டரின் உள்ளே ரப்பர் வளையங்கள் இறுகியிருக்கலாம், மிஞ்சிய உப்பு உலோகத்தை அரித்திருக்கலாம். பல உற்பத்தியாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 முக்குளிப்புகளுக்கு ஒருமுறை, எது முந்தியதோ அப்போது, சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். சிலர் இரண்டு ஆண்டு வரை இடைவெளி தருகிறார்கள். அதைச் செய்யாதவரின் சொந்தக் கருவியைவிட, அதைச் செய்கிற சென்டரின் வாடகைக் கருவியே மேல். சர்வீஸ் செய்ததும் நேராகப் பெட்டியில் வைப்பதும் சரியன்று; பிரித்துப் பூட்டப்பட்ட கருவியில் குறை இருந்தால் அது முதல் சில முக்குளிப்புகளில்தான் வெளிப்படும் என்பதால், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சர்வீஸை முடித்து, அருகில் உள்ள ஒரு நீச்சல் குளத்திலாவது ஒருமுறை சுவாசித்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பொறுப்பை ஏற்பவருக்குச் சொந்த ரெகுலேட்டர் தரும் நன்மை பெரியது. தாடைக்குப் பழகிய வாய்ப்பிடி, எந்தக் குழாய் எந்தப் பக்கம் வரும் என்பதைக் கை பார்க்காமலே அறிந்திருப்பது, மூச்சின் எதிர்ப்பு மாறாமல் இருப்பது எல்லாம் சேர்ந்து மனத்தை அமைதியாக வைக்கின்றன. அமைதியான மனம் குறைவான காற்றைச் செலவிடும். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளாவது கடலில் இறங்குபவர் ரெகுலேட்டரை வாங்கலாம் என்பதும், அதற்குக் குறைவானால் நல்ல சென்டரைத் தேடி வாடகைக்கு எடுக்கலாம் என்பதும் என் கணிப்பு. வாங்குவதானால் டின் வகையையே வாங்குங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் மரையால் திருகும் டின் வால்வும், அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் பெரும்பாலும் கவ்விப் பிடிக்கும் யோக் வால்வும் புழங்குகின்றன. டின் ரெகுலேட்டரை ஒரு சிறிய அடாப்டரின் துணையோடு யோக் வால்வில் பூட்டிவிடலாம், யோக் ரெகுலேட்டரை 300 பார் டின் வால்வில் பூட்டுவதற்கு அப்படி எளிய வழி இல்லை.

உடலை நீரில் மிதக்கவும் சமநிலையில் நிற்கவும் வைக்கும் பி.சி.டி. அங்கிக்கு வருகையில் என் மனம் வாடகைப் பக்கம் சாய்கிறது. சாதாரண அங்கி 3 முதல் 4 கிலோ வரை இருக்கும். பயணத்துக்கென்று செய்யப்பட்டவை 2 கிலோ அளவில் கிடைத்தாலும் பெட்டியில் மிகுந்த இடத்தை அடைக்கும். உடலோடு பொருந்துவது இங்கும் தேவை என்றாலும், நான்கைந்து அளவுகளும் இழுத்துக் கட்டும் பட்டைகளும் பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் வாடகை அங்கியை வாங்கியதும் அணிந்துகொண்டு படகேறிவிடக் கூடாது. ஒருமுறை நான் எடுத்த வாடகை அங்கியில், உள்ளே காற்றை ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தான் உப்புப் படிந்து ஒட்டிக்கொண்டது. 12 மீட்டர் ஆழத்தில் ஒருமுறை அழுத்தியதும் காற்று நிற்காமல் ஏறத் தொடங்கியது. குழாயின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மறுகையால் காற்றை வெளியேற்றி, ஓரிரு மீட்டர் உயர்ந்த அளவில் நிலைப்படுத்திக்கொண்டேன். பயிற்சியில் கற்ற செயல்தான் கைகொடுத்தது. அன்று முதல், கரையிலேயே அந்தப் பொத்தானைப் பத்து முறை அழுத்தி விடுவித்துப் பார்க்காமலும், அங்கியை முழுவதும் ஊதிவைத்துச் சிறிது நேரம் கழித்துத் தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமலும் நான் நீரில் இறங்குவதில்லை.

புதிய அங்கியோடும் புதிய உடையோடும் ஈயத்தின் அளவு மாறும் என்பதையும் வாடகைக்கு எடுப்பவர் மறக்கக் கூடாது. 80 கன அடி அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கையில் நீரில் சற்று அமிழும். காற்று தீரத் தீர மிதக்கத் தொடங்கி, கடைசியில் ஏறத்தாழ 2 கிலோ மேல்நோக்கி இழுக்கும். முக்குளிப்பின் முடிவில் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் சற்று நிற்க வேண்டியபோது நிற்க முடியாமல் திணறுபவர்களில் பலர், தொடக்கத்தில் சரியாகத் தோன்றிய ஈயத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டவர்கள். சொந்த அங்கியும் உடையும் உள்ளவர் தம் பதிவேட்டைப் பார்த்து எத்தனை கிலோ வேண்டும் என்று சொல்லிவிடுவார்; வாடகைக்கு எடுப்பவர் முதல் முக்குளிப்பை ஆழமற்ற இடத்தில் வைத்துக்கொண்டு அதைக் கண்டறிய வேண்டும். அந்த ஒரு முக்குளிப்பும் வாடகைக்கு நாம் கொடுக்கும் விலையில் சேரும்.

குளிரிலிருந்து காக்கும் இறுக்கமான உடையான வெட்சூட்டைப் பொறுத்தவரை நீரின் வெப்பநிலையும் உடல்வாகும் தீர்மானிக்கட்டும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் உடல் வெப்பத்தைக் கடத்திச் செல்வதால், தொளதொளவென்று நிற்கும் உடைக்குள் நீர் புகுந்து புகுந்து வெளியேறினால் வெப்பமான கடலிலும் மூன்றாவது நாளில் குளிர் பிடித்துக்கொள்ளும். பலமுறை ஆழத்தில் அமுங்கி எழுந்த பழைய நியோப்ரீன் என்னும் நுரை ரப்பரில் காற்றுக் குமிழிகள் நசுங்கி, 5 மி.மீ. என்று எழுதியிருக்கும் உடை அதைவிட மெல்லியதைப் போலவே காக்கும். வாடகை உடைகள் சராசரி உடல்வாகை மனத்தில் வைத்து வாங்கப்படுபவை; மிக உயரமானவர்கள், பருமனானவர்கள், மிக ஒல்லியானவர்கள், ஆண்களுக்கான வெட்டில் தைத்த உடை பொருந்தாத பெண்கள் ஆகியோர் 3 மி.மீ. உடை ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பதே நல்லது. குளிர்ந்த நீருக்கான 7 மி.மீ. உடையில்தான் உண்மையான முரண் வருகிறது: பொருத்தம் மிகவும் தேவைப்படுகிற உடையே மிகவும் கனமானதாகவும் இருக்கிறது. அங்கே தலைக்கவசத்தையும் கையுறையையும் சொந்தமாகக் கொண்டுபோய், உடையை மட்டும் அங்கே தேடுவது ஓரளவு ஏற்கத்தக்க சமரசம்.

காலில் மாட்டும் துடுப்புகளான ஃபின்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலைக் கடிக்காத எதுவும் போதும், பெட்டியில் இடம் இருந்தால் சொந்தம், இல்லையென்றால் வாடகை. ஆனால் நீர்மேல் உயர்த்திக் காட்டும் அடையாளக் குழல், அதற்கான நூல் சுருள், விசில் ஆகிய மூன்றையும் வாடகைப் பட்டியலில் எதிர்பார்க்காமல் சொந்தமாக வைத்திருங்கள். நீரோட்டம் படகிலிருந்து விலக்கிக் கொண்டுபோகும்போது உங்களைக் கண்டுபிடிக்க உதவுபவை அவை.

இனி பெட்டியின் கணக்கு. அங்கி, ரெகுலேட்டர், உடை, ஃபின்கள், காலுறை எல்லாம் சேர்ந்தால் உலர்ந்த நிலையில் 11, 12 கிலோவைத் தொடும். பல விமானங்களில் பெட்டிக்குத் தரப்படும் 23 கிலோவில் இது பாதி. ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கி நாள்தோறும் மூழ்குபவருக்கும், படகிலேயே தங்கிப் பல நாள் கடலில் இருப்பவருக்கும் இந்தச் சுமை தகும். பின்னவருக்கு இன்னும் தகும், ஏனென்றால் நடுக்கடலில் ஒரு வாடகைக் கருவி பொருந்தாமல் போனால் மாற்று தேடக் கரை இல்லை. பல ஊர்களைச் சுற்றும் பயணத்தில் இரண்டு நாள் மட்டும் மூழ்குபவர் அந்தப் 12 கிலோவை ஒவ்வொரு ரயிலிலும் ஒவ்வொரு படியிலும் தூக்கித் திரிய வேண்டியிருக்கும். அவருக்கு மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் போதும். ரெகுலேட்டரைக் கொண்டுபோவதானால் கைப்பையில் வையுங்கள்; பெட்டி வழிதவறினாலும், கடைசியாக விட்டுக்கொடுக்க வேண்டிய கருவி கையோடு இருக்கும். டார்ச்சுக்கான உதிரி லித்தியம் மின்கலங்களும் கைப்பையில்தான் வர வேண்டும், கத்தி பெட்டியில்தான் போக வேண்டும்.

திரும்பும் நாளில் சொந்தக் கருவி இன்னொரு வேலையைக் கேட்கிறது. பல நாள் தொடர்ந்து மூழ்கியவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவத்தின் பரிந்துரை. பலர் அதை ஒரு முழு நாளாகவே வைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் ரெகுலேட்டரின் தூசி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நன்னீரில் அலசி, அங்கிக்குள் நன்னீர் ஊற்றிக் குலுக்கி வடித்து, எல்லாவற்றையும் நேரடி வெயில் படாத காற்றோட்டத்தில் தொங்கவிட வேண்டும். வெட்சூட்டின் மணிக்கட்டு மடிப்பிலும் அங்கியின் அடிமூலையிலும் நீர் கடைசி வரை தங்கும் என்பதால், பெட்டியை மூடுவதற்கு முன் அவ்விரண்டு இடங்களையும் பிழிந்து பாருங்கள்.